மலர் அத்தை வாங்கிய வளையல்

கிள்ளான்,
ஞாயிறு காலை

அன்பு மகள் ப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளை ஜீவனும் பெர்த்தில் நலமா என்று கேட்க வேண்டும், ஆனால் நலம் என்று நீ சொன்னால் நான் நம்பப் போவதில்லை, அதனால் கேட்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் போட்டால் வேகமாக ஓடவிட்டு ஓகே மா என்று முடித்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், முழுசாகப் படி.

அப்பாவுக்கு போர்ட் கிள்ளானில் லோரி வேலை ஓயவில்லை, முட்டிவலி என்கிறார், லீவு எடுக்க மாட்டேன் என்கிறார். நேற்று மலர் அத்தை வந்தாள். நீ அனுப்பிய படத்தைக் காட்டி, என்னா அண்ணி, புள்ளைக்கு வயிறு தெரியுது, எங்கிட்ட சொல்லவே இல்ல லா என்று கோபித்துக்கொண்டாள். உன்னிடமும் மெசேஜில் கேட்டாளாம், நீ ஒரு சிரிக்கிற பொம்மை போட்டாயாம். அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, லிட்டில் இந்தியாவில் பச்சையும் சிவப்புமாக வளைகாப்பு வளையல் வாங்கிக்கொண்டே வந்துவிட்டாள். நான் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எனக்குத் தெரியாதா உன் வயிறு. குடலின் கடைசித் துண்டில் நரம்பு இல்லாமல் பிறந்தவள் நீ. கைக்குழந்தையாக இருக்கும்போதே அதை வெட்டி இணைத்தார்கள், அதற்குப் பிறகும் வெளிக்குச் சரியாகப் போகாத நாளெல்லாம் இதே மாதிரிதான் விலா எலும்புக்குக் கீழேயே உப்பி நிற்கும். எப்போதும் பேன்ட் போடுகிறவளுக்கு இப்போது என்ன திடீரென்று தொளதொள மலாய் உடுப்பு, அந்த பாஜு கூரோங். வீடியோவில் கேமராவை ஏன் கழுத்தோடு நிறுத்துகிறாய். சாப்பிட்டேன் மா என்று நீ சொல்லும்போதே பின்னாலிருந்து ஜீவன், அவ ரெண்டு நாளா கஞ்சிதான் அத்தை என்றான், நீ சட்டென்று பேச்சை மாற்றினாய். இன்னொன்றும் மனதில் கிடந்து அரிக்கிறது. தீபாவளிக்கு வந்தபோது அவன் என்னிடம், ப்ரியாவுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் எத்தனை வயசுல நடந்துச்சு என்று கேட்டான். கட்டிய புருஷனிடம் அந்த வயிற்றுத் தழும்பைப் பற்றி அப்படியா சொல்லி வைத்திருக்கிறாய். அவன் முகம் சுளிப்பான் என்று பயமா, இதில் நீ செய்த குற்றம் என்ன.

காய்ச்சல் இருக்கிறதா, வாந்தி வருகிறதா, காற்றாவது பிரிகிறதா. மருந்துக் கடையில் பேதி மருந்து வாங்கி நீயே அளவைக் கூட்டிக் குடிக்காதே. இன்றே ஆஸ்பத்திரிக்குப் போ, போனதும் முதல் வார்த்தையாகப் பிறவியிலேயே குடல் நோய், ஆபரேஷன் ஆனது என்று சொல், அப்பெண்டிக்ஸ் கதையை அங்கேயும் விடாதே. நிஜமாகவே பிள்ளைதான் என்றால் டாக்டர் அதையும் சொல்லட்டும், சந்தேகப்பட்டதற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இங்கிருந்து உன் வயிற்றைத் தொட்டுப் பார்க்க எனக்கு வழியில்லை, பயமாக இருக்கிறது கண்ணு.

அம்மன் உனக்குத் துணையிருப்பாள், இருவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். நாளைக்குப் போகிறேன் மா என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தின் படத்தை ஜீவனுக்கும் அனுப்பிவிட்டேன். தமிழ்ப்பள்ளியில் படித்த பையன், இந்நேரம் வாசித்திருப்பான். கோபத்தையெல்லாம் காரில் போகும்போது காட்டிக்கொள், முதலில் ஏறி உட்கார்.

உன் அம்மா,
அமுதவள்ளி