மூன்று எலிகளின் மஞ்சள்

இன்று காலை என் விரலில் மஞ்சள் ஏறிவிட்டது. எலிகளுக்கு அடையாளம் வைக்கும் பிக்ரிக் அமிலம்தான். கையுறையில் ஓட்டை இருந்ததை நான் கவனிக்கவில்லை. மூன்று தடவை சோப்பு போட்டும் போகவில்லை. உன் ஆள்காட்டி விரல் வருஷம் முழுக்க இந்த நிறத்தில்தான் இருக்கும். கல்யாணத்துக்குப் போனால், "இன்னா பாய், வீட்ல மஞ்சள் அரைக்கிற வேலையா?" என்று கேட்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுவிய கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

முனைவர் பட்டத்துக்காக வேலூருக்கு நான் வந்தபோது, நீ அங்கே ஆய்வு எலிகளை வளர்க்கும் விலங்குக்கூடத்து டெக்னீஷியன். நான் ஆம்பூர், நீ மேல்விஷாரம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எலி வாடைக்கு மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். தோல் பதனிடும் ஷாப் காற்றில் வளர்ந்த நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முதல் நாளே என்னை எலி கடித்தது. "நீங்க பயப்படுறீங்க சார், அதுவும் பயப்படுது. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் பஞ்சாயத்து பண்ணணுமா?" என்றாய். ஒரே மாதத்தில் 'சார்' போய் 'தோஸ்த்' வந்தது.

கணையம் திடீரென்று வெந்து தன்னையே செரித்துக்கொள்ளும் நோய்க்கு, ஒரு செடியின் சாறு உதவுமா என்பதுதான் என் ஆய்வு. எலிகளுக்கு ஊசி போட்டு நோயை வரவழைப்போம். மூன்றாம் நாள் ரத்தம் எடுத்து, அமைலேஸ், இன்டர்லூக்கின் என்று அழற்சியின் அடையாளங்களை அளப்போம். நீ ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் ஒவ்வொரு எலியையும் கையில் எடுத்துப் பழக்குவாய். எதற்கு இவ்வளவு நேரம் என்று அவசரப்படுத்துவேன். "அதுங்களைப் பேஜார் பண்ணா, அந்தப் பயமும் ரத்தத்துல ஏறிடும் தோஸ்த். அப்புறம் நீ நோயை அளப்பியா, பயத்தை அளப்பியா?" என்பாய். இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இத்தனை எளிதாகச் சொன்னதில்லை.

அந்த மூன்றாம் நாள் காலை ஞாபகம் இருக்கிறதா? சாறு கொடுத்த கூண்டில் எட்டு எலிகள். ரத்தம் எடுக்கும் முன்பே மூன்று செத்துக் கிடந்தன. ஒன்றுக்குத் தலையில் மஞ்சள், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலில். சாறு கொடுக்காமல் நோய் மட்டும் வரவழைத்த கூண்டில் எட்டும் உயிரோடு இருந்தன. மிச்சமிருந்த ஐந்தின் ரத்தத்தை அளந்தேன். சோதனைத் தட்டின் குழியில் மஞ்சள் எவ்வளவு அடர்ந்து வருகிறதோ அவ்வளவு அழற்சி. அந்த ஐந்து குழிகளிலும் தண்ணீர் கலந்த மோர் போல வெளுப்பு. சாறு வேலை செய்கிறது என்று துள்ளிக் குதித்தேன். நீ குதிக்கவில்லை.

"நோவு ஜாஸ்தியானதுங்கதான் முன்னாடி போய்டுச்சு. அதுங்களை வுட்டுட்டு மிச்சத்தை அளந்தா கம்மியாத்தான் வரும்" என்றாய். அப்புறம், "எங்க அப்பா மண்டியில தோல் எண்ணுவாரு. ஓட்டை வுழுந்ததை எண்ணாம வுட்டா, மொத்தமும் நல்ல சரக்குதான், இல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. ஐந்து வருட உழைப்பு, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைத்துத் தைத்து என்னைப் படிக்க வைத்த அம்மா, எல்லாம் அந்த ஐந்து குழிகளில் இருப்பதாகத் தோன்றியது. "செத்த எலிக்கு ஏது ரத்தம், ஏது அளவு? நீ எலியைப் பாரு, ஆராய்ச்சியை நான் பாத்துக்கிறேன்" என்றேன். "சரி சார்" என்றாய்.

கட்டுரை வெளிவந்தது. அதில் அந்த மூன்று எலிகள் இல்லை. பட்டமும், அங்கேயே வேலையும் கிடைத்தன. இனிப்பு கொண்டுவந்தேன். எடுத்துக்கொண்டு, "சந்தோஷம் சார்" என்றாய். அதற்குப் பிறகு ஒருநாளும் நீ என்னைத் தோஸ்த் என்று கூப்பிடவே இல்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். ஒரு சாயங்காலம் பள்ளிகொண்டா தாண்டி உன் பைக்கை லாரி அடித்துவிட்டது. மேல்விஷாரத்தில் உன்னை அடக்கம் செய்ய எடுத்துப் போனபோது கூட்டத்தின் கடைசியில் நடந்தேன். முன்னே வந்து தோள் கொடுக்க எனக்கு முகம் இல்லை.

போன மாதம், முன்பின் தெரியாத ஒரு மருத்துவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கட்டுரையைப் படித்தாராம். கணைய அழற்சியோடு வருகிறவர்களுக்கு இந்தச் சாற்றைக் கொடுத்துப் பார்க்க நினைக்கிறாராம். எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டிருந்தார். படித்ததும் விலங்குக்கூடத்துக்கு ஓடி உன் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். உன் குண்டு குண்டான எழுத்தில் மூன்று வரிகள். தலை மஞ்சள், முதுகு மஞ்சள், வால் மஞ்சள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'இறந்தது, ரத்தம் எடுக்கவில்லை' என்றும், அதன் கீழே 'கணக்கில் உண்டு' என்றும் எழுதி, அழுத்திக் கோடு போட்டிருந்தாய். என்னிடம் வாதாடுவதை நிறுத்திக்கொண்டாயே தவிர, எலிகளை நீ விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கொடுக்கவே கொடுக்காதீர்கள் என்று மருத்துவருக்கு அன்றே பதில் போட்டேன். கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு, அந்த மூன்று எலிகளை விட்டது நான்தான், ஏன் விட்டேன் என்று எல்லாவற்றையும் எழுதி, உன் பதிவேட்டுப் பக்கத்தையும் படமெடுத்து நேற்று அனுப்பிவிட்டேன். பட்டம் போகலாம், வேலையும் போகலாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

அதே பரிசோதனையை முதலிலிருந்து செய்யப் போகிறேன். ஒரு வாரமாக எலிகளைக் கையில் எடுத்துப் பழக்கினேன், ஒன்றும் கடிக்கவில்லை. இன்று மஞ்சள் வைத்தேன். உள்ளே போகிற ஒவ்வொரு எலிக்கும் பதிவேட்டில் ஒரு வரி போட்டாயிற்று. எது செத்தாலும் அந்த வரி அங்கேயே இருக்கும்.

இனிமேலாவது என்னை சார் என்று கூப்பிடாதே, தோஸ்த்.