கழற்றிய வாஷர்

மார்ச் 3, திங்கள்

எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். என் ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கவில்லையாம். டாக்டர் ஆலோசனை மையத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே இருக்கும் மனநல ஆலோசகர் என் மகளைவிடச் சின்னப் பெண். "தினமும் என்ன நடந்துச்சு, அப்ப மனசுல என்ன இருந்துச்சு, ரெண்டையும் எழுதுங்க ஐயா" என்றாள். எனக்குத் தெரிந்ததை எனக்கே எழுதிக் காட்டி என்ன ஆகப்போகிறது?

நடந்தது: மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. மிதவையை மாற்றச் சொல்லிக் காவலாளியிடம் சத்தம் போட்டேன். "சார், நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க" என்றான்.

மனதில் இருந்தது: ஒன்றும் இல்லை.

மார்ச் 4

ஒன்றும் இல்லை.

மார்ச் 6, வியாழன்

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. குழாய் வேலையை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. பழைய பம்பு ஒன்றைப் பிரித்துப் பிரித்து மாட்டி நானே கற்றது. ஆஸ்பத்திரி, ஹோட்டல், பத்து மாடிக் கட்டடம் என்று போன இடமெல்லாம் தண்ணீர் என் பேச்சைக் கேட்டிருக்கிறது. மனிதர்கள்தான் கேட்பதில்லை.

மகள் கணவனைப் பிரிந்து வேறு வீடு பார்த்துப் போய்விட்டாள். சொன்னது யார்? மச்சான் — செத்துப்போன என் மனைவியின் தம்பி. அவருக்குத் தெரியும், அவர் பெண்டாட்டிக்குத் தெரியும், அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். பெத்த அப்பன், நான் மட்டும் யாரோ!

போன் போட்டுக் கேட்டேன். "சொன்னா, என்னை முழுசாப் பேச விடுவீங்களாப்பா?" என்றாள். அதற்குள் நான் வக்கீல் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டாள். அன்றிலிருந்து குறுஞ்செய்தி மட்டும்தான். "மாத்திரை போட்டீங்களா?" "போட்டேன்." அப்பனும் மகளும் பேசுகிற லட்சணம் இது.

மனதில் இருந்தது: கோபம். எழுதியாச்சு, போதுமா?

மார்ச் 8, சனி

மையத்தின் பின்னறையில் சனிக்கிழமைக் கூட்டம். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, எழுதியதில் ஒரு பக்கத்தை மற்றவருக்குப் படிக்க வேண்டும். கேட்பவர் பதில் சொல்லக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது. கடைசியில் "கேட்டேன்" என்று மட்டும் சொல்லலாம். வாய்க்கு மூடி போட்டு உட்கார வைக்க ஒரு படிப்பு!

எனக்கு ஜோடி, நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. போன வருடம் கணவர் தவறிவிட்டார். தவறுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சமையலறைக் குழாயைக் கழற்றிப் பார்த்து, "மீதியை அப்புறம் பாக்கலாம்" என்று மூடி வைத்தாராம். அந்த அப்புறம் வரவில்லை. குழாய் இன்னும் சொட்டுகிறது. "படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உள்ளே யாரோ வேலையாக இருப்பதுபோல் இருக்கிறது" என்று படித்தார்.

"வாஷர் போயிருக்கும்மா. அஞ்சு நிமிஷ வேலை" என்றேன்.

"'கேட்டேன்'னு மட்டும்தான் சொல்லணும் ஐயா."

"கேட்டதுனாலதானேம்மா சொல்றேன்!"

பக்கத்து ஜோடிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் படிக்கவில்லை. கண்ணாடி எடுத்து வரவில்லை என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

அந்த அம்மாவின் வீடு நூலகத்துக்குப் பின் தெரு. சனிக்கிழமை திரும்பும்போது அவரே கைகாட்டியது. இன்று பையை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். மாமியார்தான் கதவைத் திறந்தார்.

"பைப்பு வேலையா? அவ எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே?"

"எங்கிட்ட சொன்னாங்கம்மா" என்றேன். பொய் இல்லை.

நினைத்தது சரி. வாஷர் நைந்து போயிருந்தது. புதிதை மாட்டி, திறந்து, மூடி, பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பொட்டுத் தண்ணீர் இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விசில் அடித்தேன்.

மனதில் இருந்தது: சந்தோஷம். ஆலோசகர் பெண் குறித்துக்கொள்ளட்டும்.

மார்ச் 15, சனி

அந்த அம்மா வந்தார். உட்காரவில்லை.

"யாரு கேட்டா உங்கள?"

"தண்ணி வீணாப் போகுதேம்மா, அதான் —"

"எங்க வீட்டுல இப்ப சத்தமே இல்ல ஐயா."

அவ்வளவுதான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வேறு ஒருவர் எதிரில் போட்டுக்கொண்டார்.

ஆலோசகர் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அவங்க ரிப்பேருக்கு ஆள் கேக்கலை ஐயா."

"அப்ப எதுக்கு எங்கிட்ட அதைப் படிக்கணும்?"

அவள் பதில் சொல்லவில்லை. அவளுக்கும் அதே சட்டம் போலிருக்கிறது.

வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. எந்தக் கொம்பனையும் கூட்டி வந்து காட்டட்டும்.

மார்ச் 17

இனி போகவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன்.

மார்ச் 18

எழுத மாட்டேன் என்பதையும் எழுதித்தானே வைத்திருக்கிறேன். சே.

மார்ச் 20, வியாழன்

லிஃப்டில் எதிர்வீட்டுக்காரர். "ரெண்டு நாளா முட்டி வலி சார்" என்றார். எந்த டாக்டர், எந்தத் தைலம், எப்படி உட்காரக் கூடாது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். எங்கள் வீடுகள் நான்காவது மாடியில். அவர் இரண்டாவதிலேயே இறங்கிப் படியேறி வந்தார். முட்டி வலியோடு.

கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். என் வீட்டில் எந்தக் குழாயும் சொட்டாது. சொட்ட விட்டதில்லை. எவ்வளவு அமைதி! இதைத்தான் அந்த அம்மாவுக்கும் மாட்டிவிட்டு வந்தேனா?

மார்ச் 22, சனி

போனேன். கழற்றிய வாஷர் என் பையிலேயே கிடந்தது. அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனேன்.

"பழசு இங்கதாம்மா இருக்கு. வேணும்னா திரும்ப மாட்டித் தர்றேன். முன்ன மாதிரியே சொட்டும்."

என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. "வேணாம் ஐயா. இனிமே அது உங்க சொட்டாத்தான் இருக்கும். அவர் ஒரு வேலையையும் முடிச்சதே இல்ல. அதான் அவரு."

என்னிடம் பதில் இருந்தது. முடிக்காத வேலை என்ன வேலை என்று. சொல்லவில்லை.

வாஷரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

அவருடைய புது ஜோடி ஒரு பழைய லாரி டிரைவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். தூங்குகிறார் என்பது என் கணிப்பு. அந்த அம்மாவுக்கு அவரைத்தான் பிடித்திருக்கிறது!

எனக்கு ஜோடி கிடைக்கவில்லை. ஆலோசகர் பெண் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஆறாம் தேதி எழுதியதைப் படித்தேன். நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், அறையில் தூசி. முடித்ததும் "கேட்டேன்" என்றாள். இதுக்கா இவ்வளவு நேரம் படிச்சேன் என்று எரிச்சல் வந்தது. வரும் வழியில் எரிச்சல் போய்விட்டது. ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

மகளுக்கு அனுப்பியது: "பேசணும்னா கூப்பிடு. நான் பேச மாட்டேன்."

பதில் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "பேச மாட்டேன்னா என்னப்பா அர்த்தம்? சண்டையா?"

"சண்டை இல்ல. நீ பேசு."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஆரம்பித்தாள். அவள் புருஷன் அடிக்கவில்லையாம், குடிக்கவில்லையாம். வருடக்கணக்கில் ஒரு கேள்வி கேட்டதில்லையாம். சாப்பிட்டாயா, எங்கே போயிருந்தாய், ஏன் முகம் இப்படி இருக்கிறது — ஒன்றும் இல்லை. கிளம்பிய அன்று பையோடு பஸ் ஸ்டாப் வரை போயிருக்கிறாள். தொட்டி மோட்டார் ஓடிக்கொண்டிருப்பது ஞாபகம் வந்து திரும்பிப் போய் நிறுத்தியிருக்கிறாள். அவன் டிவி பார்த்துக்கொண்டிருந்தானாம். அவள் கையில் பையைப் பார்த்தானாம். அப்போதும் கேட்கவில்லையாம்.

என்னிடம் வக்கீல் இருந்தார். அவன் அப்பனிடம் பேச நாலு வார்த்தை இருந்தது. வாயைத் திறந்தேன், மூடினேன்.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

இன்னும் கொஞ்சம் சொன்னாள். மறுபடி, "அப்பா?"

"இருக்கேம்மா."

"இல்ல, கட் ஆயிடுச்சோன்னு நெனச்சேன்."

அவள் செய்தது சரி என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை.

இருட்டிவிட்டது, எழுந்து விளக்கைப் போடவில்லை. வைக்கப்போகும்போது மெல்லச் சொன்னாள்: "இதெல்லாம் மாமாகிட்டகூட சொன்னதில்லப்பா."