தூரத்துக்கு ஒரு கண், கிட்டத்துக்கு ஒரு கண்

என் கயிற்றை ஒரு நாளும் கைவிடாத மச்சானுக்கு,

வருகிற மாதத்தோடு நீர் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஆண்டுப் பூசைக்குச் சொல்லியாகிவிட்டது. அதற்கு முன்னால் உமக்கு ஒரு செய்தி: எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. சிரிக்காதேயும். நீர் செய்தித்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிவைத்துப் படித்தபோது நான் சிரித்ததற்கு இப்போது பதில் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கரையில் வேலை என்றால் மூக்குக் கண்ணாடியோடு முடிந்திருக்கும். துறைமுகத்தில் நிற்கிற கப்பலுக்கு அடியில் முங்கி, புரொப்பல்லரில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்து வருகிறவன் முகமூடிக்குள் கண்ணாடியை எங்கே மாட்டுவான்? மணிக்கட்டில் கட்டியிருக்கும் ஆழம் காட்டும் கேஜில் முள் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. எட்டத்துப் பார்வையும் கொஞ்சம் மங்கல்தானாம். கண் டாக்டர் கண்மணி மேலேயே ஒட்டி வைக்கிற லென்ஸ்தான் சரி என்று, வலது கண்ணுக்குத் தூரம் பார்க்க ஒரு லென்ஸும், இடது கண்ணுக்குக் கிட்டத்தில் பார்க்க வேறொரு லென்ஸும் கொடுத்தார். எந்த நேரத்தில் எந்தக் கண்ணை நம்புவது என்று மூளையே கற்றுக்கொள்ளுமாம். "ரெண்டும் சண்டை போட்டுத் தீத்துக்கிடும் சார், நீங்க நடுவுல போய் ஒரு கண்ண மூடாதீங்க" என்றார்.

நான் மூடினேன். வீட்டில், சந்தையில், கோயிலில், எதைப் பார்த்தாலும் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. மீன் வாங்கப் போன இடத்தில் உம் தங்கச்சி ரெஜினா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அந்தப் பொம்பளையப் பாத்துக் கண்ணடிக்கியளே, வயசு என்ன ஆவுது?" என்றாள். மீன்காரம்மா விலையை ஏற்றிவிட்டாள். தேநீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினேன். படிக்கட்டில் கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் அங்கே படி இருக்காது.

நமக்குத் தெரிந்ததுதான், இந்தக் கடிதம் வேறு யார் கையில் கிடைத்தாலும் புரியட்டும் என்று சொல்கிறேன். முத்துக்கும் சங்குக்கும் முங்கிய காலத்திலிருந்தே எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிறவனின் கயிறு அவன் பெண்சாதியோடு பிறந்தவன் கையில்தான் இருக்க வேண்டும். கூடப்பிறந்த அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள். மச்சானை நம்பலாம், தன் தங்கச்சி தாலி அறுவதற்கு அவன் சம்மதிக்க மாட்டான். நீர் மட்டும், "ஒம்மேல உள்ள பிரியத்துல இல்ல மாப்ளே, அவ திரும்பி எங்க வீட்டுல வந்து உக்காந்துருவாளேன்னு பயந்துல்லா புடிக்கேன்" என்பீர்.

அந்தக் கயிறு இப்போது உம் தம்பி செல்வத்தின் கையில் இருக்கிறது. கப்பல் வேலையை விட்டு வந்து, முறையாகப் பயிற்சியும் முடித்திருக்கிறான். உம்மைப் போல வாய் கிடையாது. லென்ஸ் மாட்டிய பிறகு முதல்முறையாக நான் இறங்க வந்த அன்று, படகில் எட்ட நின்று கயிற்று நுனியை என்னிடம் எறிந்தான். நான் காற்றைப் பிடித்தேன். மறுபடி எறிந்தான், மறுபடியும் காற்று.

"கை இங்கன போவுது அத்தான், கயிறு அங்கன வருது. இன்னைக்கு வேண்டாம்" என்று கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டான்.

கயிறு பிடிக்கிறவன் வேண்டாம் என்றால் இறங்கக் கூடாது, காரணமும் கேட்கக் கூடாது. அதுவும் நம் வழக்கம்தான். ஆனால் எனக்கு ஆத்திரம் வந்தது, மறைக்கவில்லை. இன்னொரு முறை இப்படி வேலை தட்டிப்போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். தண்ணீருக்குள் போவதைத் தவிர எனக்கு என்ன தெரியும், சொல்லும்?

பிறகு ரெஜினாதான், நான் பிடித்துப் பழகட்டும் என்று முற்றத்தில் நின்று எலுமிச்சம்பழம் எறிந்தாள். முதலில் நெஞ்சில் வாங்கினேன், நெற்றியிலும் வாங்கினேன். கோபமாக இருந்த நாளில் வேகமாகவே எறிந்தாள். எப்போது பிடிக்க ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது, ஒரு நாள் பழம் கையில் இருந்தது. படகில் செல்வம் எறிந்த கயிறும் கைக்கு வந்தது. அவன் தலையாட்டினான். நான் இறங்கினேன்.

கலங்கல் தண்ணீர்தான், ஆனாலும் கேஜில் முள் தெளிவாகத் தெரிந்தது. புரொப்பல்லர் இதழில் ஒரு கோடு மாதிரி இருந்தது. அது கீறலா பாசியா என்று இரண்டு கண்ணும் இரண்டு விதமாகச் சொல்லின. அந்த நேரத்தில் மேலே இருந்து ஒரு இழுப்பு வந்தது, நலமா என்று. என் கை பதில் சொன்னது: ஒரு நீள இழுப்பு, அதன் பின்னால் ஒரு குலுக்கல்.

அது எந்தப் பயிற்சியிலும் கிடையாது. 'பொறும், பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று நமக்குள் தானாக வந்த இழுப்பு அது. அதற்கு நீர் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்துவிட்டுப் பேசாமல் காத்திருப்பீர். செல்வத்துக்கு அது எப்படித் தெரியும்? புரியாத இழுப்பு வந்தால் தூக்கிவிடு என்றுதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தூக்கிவிட்டான்.

மேலே வந்ததும் முகமூடியைக் கழற்றிக் கத்தினேன். அவன் திருப்பிக் கத்தவில்லை. கயிற்றைக் கையிலிருந்து விடாமலே கேட்டான்.

"என்ன இழுப்பு அத்தான் அது? சிக்கிட்டியன்னு நெனச்சேன்."

"அது ஒங்க அண்ணனுக்கும் எனக்கும் உள்ளது."

"அண்ணன் எனக்கு அதச் சொல்லித் தரலியே."

நீர் எப்படிச் சொல்லித் தந்திருப்பீர்? என் கண் புதுசு படித்துவிட்டது. கை படிக்காது, அது நாளைக்கும் உம்மைத்தான் கூப்பிடும். அதனால் அவன்தான் படிக்க வேண்டும். படகு விளிம்பில் உட்கார்ந்து கயிற்றின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து இழுத்துக் காட்டினேன். எவ்வளவு தளர்த்த வேண்டும் என்றும் காட்டினேன். பிடித்துக்கொண்டான். உமக்கு மண் போட்டபோதுகூட எனக்கு முழுசாக ஏறவில்லை மச்சான். நீர் தளர்த்துகிற மாதிரியே இன்னொருவன் கை சரியாகத் தளர்த்திக் கொடுத்தபோதுதான் நீர் இல்லை என்பது உறைத்தது. அழுதேன். லென்ஸ் நழுவி விழுந்துவிடும் என்று செல்வம் பயந்தான்.

அதே நாளில் மறுபடி இறங்கினேன். நீள இழுப்பு, குலுக்கல். கயிறு தளர்ந்தது. அவன் காத்திருந்தான். அந்தக் கோடு கீறல்தான்.

ஒரு வாக்கு கொடுக்கிறேன். செல்வம் மறுபடி எப்போது வேண்டாம் என்றாலும், காரணம் கேட்காமல் ஏணியிலிருந்து காலை எடுத்துவிடுவேன். நீர் பயப்பட வேண்டாம், உம் தங்கச்சியை உங்கள் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப மாட்டேன்.

உம் தங்கச்சி மாப்பிள்ளை,
ராயப்பன்