எழுநூற்று இருபது பக்கக் குளிர்காலம்

டிசம்பர் 4

இந்த வீட்டில் சூடான அறை ஒன்றுதான். ஹாலில் ஹீட்டர் இருக்கிறது. மற்ற அறைகளில் வாயைத் திறந்தால் புகை வருகிறது. ஆகவே அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஹாலில், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறோம். அண்ணன் நாள் முழுக்க பஸ் ஓட்டிய களைப்பில் அரை மணியில் குறட்டை விட ஆரம்பித்துவிடுவான். அப்புறம் அண்ணியும் நானும்தான். என்ன பேசுவது? "டீ ஆறிடப் போகுது." "ம்." அவ்வளவுதான் பேச்சு.

என் கணவரும் நானும் பிரிந்து, இரண்டு பெட்டியோடு நான் இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது. நேற்று சமையலறையில் அண்ணி அண்ணனிடம் சொன்னது காதில் விழுந்தது: "குளிர் முடியட்டும். அப்புறம் அவளுக்குன்னு ஒரு வீடு பாத்துக் குடுத்துடுங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குப் போக மனசில்லை. முப்பத்தெட்டு வயசுல தனியா ஒரு வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு உக்கார பயமா இருக்கு. இதை யார்கிட்ட சொல்றது?

சரி, மூக்கைச் சிந்தியாயிற்று. ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நல்ல தடிமனான புத்தகமாகப் பிடித்து அதற்குள் புகுந்துவிடப் போகிறேன். ஹாலில் நான் இருப்பதே தெரியக் கூடாது. தெரிந்தால்தானே அனுப்புவார்கள்!

டிசம்பர் 6, சனி

நூலகரிடம் என் தேவைகளை விளக்கமாகச் சொன்னேன். மூடுபனி வேண்டும். பழைய பெரிய வீடு வேண்டும். மழையில் நனைந்துகொண்டு யாராவது வந்து கதவைத் தட்ட வேண்டும். ஐந்நூறு பக்கத்துக்குக் குறையக் கூடாது. கடைசியில் எல்லாரும் திருந்திவிடவும் கூடாது.

"மாப்பிள்ளை பாக்குறப்போகூட இவ்வளவு கண்டிஷன் போட மாட்டாங்கம்மா" என்றார்.

"அப்ப போடாம விட்டதுதான் சார் தப்பாப் போச்சு" என்றேன். அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மூன்று புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார்.

டிசம்பர் 9

முதலாவது: பாலைவனம். முதல் பக்கத்திலிருந்து வெயில். குளிருக்கு ஆகும் என்று கொடுத்தாராம்! இரண்டாவது: அறுபது பக்கம் தாண்டியும் கதாநாயகன் இன்னும் பிறக்கவில்லை, அவனுடைய கொள்ளுத்தாத்தாவுக்கே இப்போதுதான் பெண் பார்க்கிறார்கள். மூன்றாவதில் பேய் வந்தது, நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாயைத் திறந்ததும் அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிட்டது. அறிவுரை சொல்ல உயிரோடு இருக்கிற சொந்தக்காரர்களே எனக்குப் போதும்.

டிசம்பர் 13, சனி

கிடைத்துவிட்டது!!

எழுநூற்று இருபது பக்கம். தடியன்! அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் பழுத்து, மூலை அலமாரியில் கேட்பாரற்றுக் கிடந்தான். ஒரு படகுத்துறை, அதன் ஓரம் ஒரு பழைய விடுதி. மூடுபனி இறங்கிவிட்டது, படகு கிடையாது. அக்கரைக்குப் போக வேண்டிய ஏழு பேர் விடுதியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். படகுக்காரனைக் காணவில்லை. இருபதாம் பக்கத்தில் மழையில் ஒருவர் கதவைத் தட்டுகிறார். கேட்ட மாதிரியே!

கம்பளிக்குள் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தவள்தான். அண்ணி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாராம். மூன்றாவது தடவை விளக்கை அணைத்தார்.

டிசம்பர் 18

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் வேலை பார்க்கும் கடையில் மின்சாரம் போய்விட்டது, மூன்று மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்தால் ஹாலில் அண்ணி. கையில் தடியன்! மழலையர் பள்ளி வேலை முடிந்து மத்தியானமே வந்துவிடுகிறவர், புத்தகம் படிக்கிறவர்களைப் பார்த்தாலே "வேலையில்லாதவங்க" என்கிறவர்.

என்னைப் பார்த்ததும் டொப்பென்று மூடினார். "தூசி தட்டினேன்" என்றார்.

தூசியா? கையை முழுசாக நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு யாரும் தூசி தட்ட மாட்டார்கள். கண்ணாடிக் கடைப் பின்னறையில் பதினாலு வருஷமாக லென்ஸ் தேய்க்கிறேன், எனக்குத் தெரியாதா? கிட்டத்தில் படிக்க பிளஸ் ஒன்றரை பவர் வேண்டும். பார்த்த உடனே சொல்லிவிடுவேன். பாவம், எத்தனை வருஷமாக எழுத்து தெரியாமலே எழுத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார்!

டிசம்பர் 19

நேரே சொன்னால் "எனக்கு என்ன வயசாச்சா?" என்று கேட்பார். அதனால் ஒன்றரை லென்ஸ் போட்ட ஃபிரேம் ஒன்றைக் கொண்டுவந்து, "கடைக்குப் புதுசா வந்திருக்கு அண்ணி. மூஞ்சிக்கு நல்லா இருக்கான்னு யாராவது போட்டுப் பாத்துச் சொல்லணும்" என்று அடித்துவிட்டேன். போட்டார். முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தார். பிறகு எதேச்சையாகத் தடியனின் அட்டையைப் பார்த்தார். அப்படியே நின்றார்.

"இதை ரெண்டு நாள் போட்டுப் பாத்தாத்தான் சரியாச் சொல்ல முடியும்" என்றார்.

எனக்குள் ஒரே குத்தாட்டம்.

டிசம்பர் 22

இப்போது சட்டதிட்டம் வந்துவிட்டது. மத்தியானம் அண்ணிக்கு, சாயங்காலம் எனக்கு. படித்த இடத்துக்கு அவர் அடையாளம் ஹேர்பின், என்னுடையது பஸ் டிக்கெட். முன்னால் போனவர் பின்னால் வருகிறவரிடம் மூச்சு விடக் கூடாது. நேற்று நான் 212-ஆம் பக்கத்தில் "ஐயோ" என்றேன். "ஐயோவும் கூடாது" என்றார் அண்ணி, 190-இல் இருந்துகொண்டு. "முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுப் படி."

டிசம்பர் 28, ஞாயிறு

மூன்று மணி நேரம் பேசினோம்! அந்த விடுதிக்காரி யார்? மாடி அறைக்கு ஏன் ரெண்டு பூட்டு? அண்ணிக்குப் படகுக்காரன்மேல் கொள்ளைப் பிரியம். "ஆம்பளைன்னா அப்படி இருக்கணும். பேச்சே கிடையாது, ஆனா காணாமப் போற வரைக்கும் ராத்திரி விளக்கை மட்டும் மறக்காம ஏத்தி வெச்சிருக்கான் பாரு." அண்ணன் குறட்டையை நிறுத்தி ஒரு கண்ணைத் திறந்தான். "யாரு அவன்?" நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

ஜனவரி 4, ஞாயிறு

வாயா இது? வாயா? இழுத்துவெச்சுத் தைக்கணும்.

காலையில் 598-ஐத் தொட்டேன். அண்ணி 410. டீ குடிக்கும்போது மனசு தாங்காமல் பெருமூச்சு விட்டேன். "என்னடி?" என்றார். எப்படி வந்ததோ தெரியவில்லை – "இல்ல, அந்தப் படகுக்காரன்... தண்ணியிலிருந்து எடுத்துட்டாங்களே, பாவம்..."

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

செத்தேன்.

ஜனவரி 6

"டீ ஆறிடப் போகுது அண்ணி." ம்கூட இல்லை.

ஜனவரி 7

தடியனையும் காணோம். பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கேட்க எனக்கு எந்த முகம் இருக்கிறது?

ஜனவரி 10, சனி

அண்ணன் என்னை பஸ்ஸிலேயே உட்கார வைத்துப் பேசினான். "பாப்பா, நீங்க ரெண்டு பேரும் இப்படி உம்முன்னு இருக்குறதைப் பாக்க முடியல. குளிர் முடியுற வரைக்கும் எதுக்கு? டெப்போ பக்கத்துல ஒரு வீடு காலியா இருக்கு. பிப்ரவரியில போயிடலாம்."

ஒரு புத்தகத்தால்தான் என்று சொன்னால் நம்புவானா? தலையை ஆட்டினேன். இறங்கின பிறகு ஸ்டாப்பில் நின்று அழுதேன். எல்லாம் என் நாக்கு பண்ணின வேலை. மூணு வாரம் சந்தோஷமா இருந்தேனே, அது பொறுக்கலையா எனக்கு?

ஜனவரி 14

வீட்டுக்குள் நுழைகிறேன், அண்ணி வாசலிலேயே நிற்கிறார். கண்ணாடி மூக்கு நுனியில். தடியன் இடுப்பில்.

"ஏன்டி, யாரு செத்தா?"

"அண்ணி, தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சுடுங்க..."

"யாரு செத்தான்னு கேட்டேன்."

"படகுக்காரன்."

அண்ணிக்கு உதடு துடித்தது. அழுகிறாரோ என்று பதறிவிட்டேன். அழுகை இல்லை! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். "அரைகுறை! அரைகுறை! போ, 640-ஐப் படி!"

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நின்றுகொண்டே படித்தேன். அவன் சாகவில்லை! தண்ணீரில் கிடைத்தது அவன் சட்டை போட்டிருந்த வேறொருவன்! அண்ணி இதைத் தெரிந்துகொண்டு மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை. முன்னால் போனவர் மூச்சு விடக் கூடாதாம், அவர் போட்ட சட்டமாம். "என் வயித்துக்குள்ள அது எப்படிக் குதிச்சுதுன்னு எனக்குத்தான்டி தெரியும்."

நடுராத்திரி தாண்டி, கடைசிப் பக்கம் 720-ஐ அண்ணி வாய்விட்டுப் படித்தார். இருவரும் சேர்ந்து மூடினோம்.

ஜனவரி 18, ஞாயிறு

ஆனாலும் அண்ணன் பார்த்த வீடு இருக்கிறதே. மூவருமாகப் போனோம். அண்ணி உள்ளே போய்ப் பகலிலேயே விளக்கைப் போட்டார். "ஜன்னல் எதிர்ச்சுவரைப் பாத்து இருக்கு. மூணு மணிக்கே இருட்டிடும். கண்ணு என்னத்துக்கு ஆகும்?" வேண்டாமாம்.

எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. நல்ல வீடாகப் பார்த்து அனுப்பத்தான் நினைக்கிறாரோ?

பிப்ரவரி 7, சனி

அண்ணி சொந்தமாக நூலக அட்டை வாங்கிவிட்டார். நூலகரிடம் அவர் போட்ட கண்டிஷன்: "பனி வேணும். ஆனா யாரையும் தண்ணியில தள்ளக் கூடாது." புதிய தடியன் எண்ணூற்றுப் பத்து பக்கம்!

பிப்ரவரி 15, ஞாயிறு

இரண்டாவது வீடு. மேல்மாடியில் யாரோ குதிக்கிறார்களாம், படிக்க விடாதாம். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மார்ச் 1, ஞாயிறு

மூன்றாவது வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளிச்சம், அமைதி, புது ஹீட்டர். அண்ணன் சாவியையே வாங்கி வந்துவிட்டான். அண்ணி அறையை இரண்டு தடவை சுற்றினார். ஹீட்டர் பக்கத்தில் நின்று, கையை விரித்து அளந்தார்.

"இங்க ஒரு நாற்காலிக்குத்தான் இடம் இருக்கு" என்றார்.

அண்ணன் பொறுமையிழந்துவிட்டான். "ஒருத்திக்கு எத்தனை நாற்காலி வேணும்? பாப்பா ஒரே ஆள்தானே?"

"அப்ப நான் எங்க உக்காருறது?"

அண்ணி சொன்ன பிறகுதான் தான் சொன்னதைக் கேட்டார் போலிருக்கிறது, காது சிவந்துவிட்டது. "வாங்க, வீட்டுக்குப் போகலாம், நேரமாச்சு" என்று எங்களுக்கு முன்னால் படியிறங்கிப் போய்விட்டார்.

அண்ணன் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறான். அண்ணி 344-இல் இருக்கிறார். நான் 301. "ஐயோ" என்றார் இப்போது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொன்னேன்.