நூலில் தொங்கிய திருகாணி

என்னங்க,

செமாபோக்கில் அக்காவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வருகிறேன். இட்லி மூடி வைத்திருக்கிறது. என் மேல் உள்ள கோபத்தை அதன் மேல் காட்டாமல் பசியாறுங்கள்.

ரேடியோ கடை முதலாளி, அந்தத் தவுக்கே, காலையில் வருவார். மெர்டேகா சுதந்திர தின விழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட உங்களைத்தான் கேட்கிறார். போன வாரம், "அவருக்கு இன்னும் கால் சரியாகலை" என்று அவரை வாசலோடு அனுப்பியது நான்தான். ஒலிபெருக்கிக்குள் இருக்கும் அத்தனை பெரிய காந்தத்தின் பக்கத்தில் நின்றால், எலும்பு முறிந்த காலுக்குள் வைத்த தகட்டை இழுத்துவிடுமோ என்று பயம். அன்றிலிருந்து நீங்கள் என்னோடு பேசவில்லை.

இனி வேலைக்குப் போங்கள். டாக்டர் உங்கள் காலிலிருந்து கழற்றிக் கொடுத்தாரே ஒரு திருகாணி, அதை நூலில் கட்டி, வீட்டில் கிடக்கும் பழைய ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு எதிரில் தொங்கவிட்டேன். தையல் ஊசி பாய்ந்து ஒட்டியது. திருகாணி அசையவே இல்லை. தகடும் அதே ரகம்தான் என்று ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரசர் சொன்னார்.

ஏணியில் மட்டும் ஏறாதீர்கள். அதை நான் சோதித்துப் பார்க்கவில்லை.

சந்திரமதி

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நேற்று மத்தியானம் நீங்கள் தூங்கும்போது காந்தத்தை உங்கள் காலருகிலும் கொண்டுவந்தேன். கால் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் தவுக்கேயை வரச் சொன்னேன்.