சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

டேப்பின் நுனி மடித்து ஒட்டப்பட்டிருந்தது. பார்த்ததுமே உன் கைவேலை என்று தெரிந்துவிட்டது. தாராவியில் இத்தனை பட்டறைகள் இருந்தும், பிரிக்கிறவன் நகத்தால் சுரண்டிக்கொண்டு கிடக்கக் கூடாதென்று வயர் டேப்பின் நுனியை மடித்துவிடுகிறவன் நீ ஒருவன்தான்.

உன் ஜீப்பை மதினி நேற்று பட்டறைக்கு அனுப்பியிருந்தார். "பொண்ணு ஓட்டணும்னு நிக்குதா தம்பி. மலையில கிலையில நின்னுறாம பாத்துக் குடுங்க" என்றார். அந்த வண்டியை நம்பி உன் மகளை மலையேற விடுவதா என்று பயந்துதான், இதுவரை நான் தொடாத இடத்தில் கை வைத்தேன். நம் பட்டறையில் வயர் உன் பக்கம், இன்ஜின் என் பக்கம். உன் வயரிங்கை நான் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

கிராங்க் சென்சாரிலிருந்து வரும் வயரை நீ நடுவில் வெட்டி, டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்சுக்குக் கொண்டுபோயிருந்தாய். அதைத் தட்டினால் ஓடுகிற வண்டி அணைந்துவிடும். திருட்டுக்குப் பயந்து செய்திருப்பாய் என்றுதான் முதலில் நினைத்தேன். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை செருகியிருந்தது. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைப்பார்களே, அந்த மாத்திரை. பாதி காலி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மழைக்காலத்தில் நாம் மலையேறும் ஞாயிறுகள் எல்லாம் அங்கேயே திரும்பி வந்தன. ஏற்றத்தில் வண்டி சட்டென்று அணைந்துவிடும். நீ இறங்கிப் பானெட்டைத் திறந்து, இரண்டு கையையும் ஊன்றி, தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பாய். நான் பதறினால், "சும்மா காலிபீலி டென்ஷன் ஆவாதல. கொஞ்சம் ஆறட்டும், தானா எடுக்கும்" என்பாய். சொன்னபடியே எடுக்கும்.

அறிகுறி அத்தனையும் எனக்குப் பாடம்போலப் பொருந்தியது. இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது கிராங்க் சென்சார். சூட்டில் அது செத்தால் தீப்பொறியும் வராது, பெட்ரோலும் வராது, ஆறினால் பிழைத்துக்கொள்ளும். மாற்றினேன். மறுபடியும் நின்றது. வேறு கம்பெனி சென்சார் வாங்கிப் போட்டேன். சைலன்சர் சூடு படாமல் தகடு வைத்தேன். நான் ஓட்டிப் பார்த்தால் மட்டும் நிற்கவே நிற்காது. "உன்னக் கண்டா அதுக்குப் பயம்ல" என்று சிரித்தாய். வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்த என்னிடம் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தவனும் நீதானே. எப்படியடா உனக்கு மனது வந்தது?

காரணம் தெரியாமலில்லை. ஒரு தரம் ஏற்றத்தில் நான் ஓட்டுகிறேன் என்று கேட்டதற்கு, "பக்கத்து சீட்டுல வச்சு கொண்டுபோக நான் என்ன பார்சலா?" என்றாய். நெஞ்சு வலி என்று வாயைத் திறந்திருந்தால் அன்றே சாவியைப் பிடுங்கியிருப்பேன். அது உனக்குத் தெரியும். உன் மேல் எனக்கு வருகிற கோபத்தை யாரிடம் போய்க் காட்டுவது?

ஆண்டாப் ஹில்லில் உன் வீட்டுப் படிக்கட்டில்தான் விழுந்தாய், பிறகு எழுந்திருக்கவில்லை. கையில் காய்கறிப் பை இருந்ததாம். நின்று மூச்சு வாங்கிக்கொள்ள அங்கே பானெட் இல்லை.

சுவிட்சைக் கழற்றி, வயரைச் சேர்த்துப் பற்றவைத்தேன். டேப் சுற்றி, நுனியை மடித்தேன். கெட்டது என்று டப்பாவில் தூக்கிப் போட்ட உன் பழைய சென்சாரைத் தேடி எடுத்துச் சூடான எண்ணெயில் முக்கி, மீட்டர் வைத்துப் பார்த்தேன். அளவு மாறவே இல்லை. நல்ல சென்சார். அதை எறிய மனம் வராமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

"இனிமே நிக்காதுல்லா தம்பி?" என்று மதினி போனில் கேட்டார். "நிக்காது மதினி" என்றேன்.

இன்று காலை ஏற்றத்தில் நின்று நின்று போகிறது என்று ஒரு டாக்ஸி வந்தது. பானெட்டை நான் திறக்கவில்லை. ஓட்டி வந்தவரின் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன்.