கைதட்டலுக்குக் கேட்ட கேள்வி

வாகட், புனே
14.7.2004

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் மூட்டுவலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காம போட்டுக்கறாரா?

ஞாயித்துக்கிழமை இங்க பக்கத்துல ஔந்துங்கற இடத்துல ரோட்டை அகலப்படுத்த ஆலமரங்களை வெட்ட வந்தாங்க. தடுக்கப் போன எங்க கூட்டத்துல என்னைப் பேசச் சொன்னாங்க. பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிப் பழக்கம் விடுமா? கேள்வி கேட்டு முடிச்சாத்தானே கைதட்டு விழும். "இவங்களை சும்மா விடலாமா?"ன்னு ஹிந்தியில கேட்டு நிறுத்தினேன். யாரும் கை தட்டலை. கல்லை எடுத்தாங்க.

ரம்பம் பிடிச்சிருந்த ஆள் மண்டை உடைஞ்சு விழுந்தான். விழுந்தவனை மிதிச்சாங்க. அவன் விரலை செங்கல்லால நசுக்கினாங்க. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன், கெஞ்சினேன். அந்தப் பேச்சை ஒருத்தரும் கேக்கலை. "ஐயோ அம்மா, விட்டுடுங்க"ன்னு அவன் தமிழ்ல அழுதான். தர்மபுரிக்காரனாம்.

எனக்கு ஒண்ணும் ஆகலை, பயப்படாதே.

யாராவது வந்தா பருப்புப்பொடி கொடுத்துவிடு. நீ தைச்ச வெள்ளைச் சுடிதாரை உப்புத்தண்ணியில ரெண்டு நாள் ஊறவச்சும் கறை போகலை. வேற என்ன போடணும்?

ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு. அவனுக்கு நான்தான் சோறு ஊட்டறேன். பேசினது யாருன்னு அவனுக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கறான்.

உன் ரோஹிணி